மரையில் என்ன தடவுவது?

கியர்பாக்ஸ் இறக்கும் வேலை என்றால் க்ளட்ச் பிளேட் எந்தக் கம்பெனி, பிரஷர் பிளேட் என்ன விலை, ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடலாமா என்று ஆயிரம் கேள்வி கேட்போம். அவற்றையெல்லாம் பிடித்து நிறுத்துகிற போல்ட்டுகளைப் பற்றிக் கேட்பவர் குறைவு. கழற்றிய போல்ட்டுகளை ஒரு டப்பா பெட்ரோலில் அலசி, பனியன் வேஸ்ட்டில் துடைத்து, கைக்கு எட்டியதைத் தடவி ஏற்றிவிடுவதுதான் பல ஷெட்டுகளில் வழக்கம். ஒரு நாள் கிரீஸ், ஒரு நாள் எஞ்சின் ஆயில், ஒரு நாள் மரையைப் பூட்டும் பசையான நீல லாக்டைட். எதுவுமே கிடைக்காவிட்டால் ஒரு ஸ்பிரிங் வாஷர்.

இதில் எனக்கு நீண்ட நாள் வருத்தம் உண்டு. போல்ட்டும் நட்டும் செய்து உலகத்துக்கே அனுப்புகிற ஊர் நம்முடையது. சென்னை பாடியில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் தொடங்கியது 1966-ல். ஆனால் அந்தப் போல்ட்டை எந்த நிலையில் முடுக்க வேண்டும் என்கிற அறிவு பாடியிலிருந்து பக்கத்து அம்பத்தூர் ஷெட்டுக்குக்கூட முழுதாக வந்து சேரவில்லை. மரையில், அதாவது போல்ட்டின் திருகுப் பள்ளத்தில், என்ன தடவுகிறோம் என்பது 'கழலாமல் இருக்கணும்' என்பதோடு முடிகிற விஷயம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தடவுகிற ஒவ்வொன்றும், அந்தப் போல்ட் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பதையே மாற்றிவிடும். முடுக்கும் பலத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சத்தம் கொடுத்தாலும் உள்ளே நடந்தது வேறாக இருக்கலாம்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். முடுக்கிய போல்ட் என்பது கயிற்றுக் கட்டிலில் இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி. அது லேசாக நீண்டு, திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. நமக்கு வேண்டியது அந்த இழுப்பு. ஆனால் ஷெட்டில் அதை நேரடியாக அளக்க வழி இல்லை. அதனால் சுற்றுவதற்கு எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்று அளந்து, இழுப்பு இவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கிறோம். டார்க் என்பது அந்த ஊகத்தின் அளவு.

நாம் கொடுக்கிற பலத்தில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடுகிறது. தோராயமாகப் பாதி போல்ட் தலைக்கு அடியில், இன்னொரு 40 சதவீதம் மரையில். மிஞ்சுகிற பத்து சதவீதம் அளவுக்குத்தான் போல்ட்டை நீட்டுகிறது. அப்படியானால் உராய்வைக் கொஞ்சம் குறைத்தாலே அந்தப் பத்து எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு கணக்கே போட்டுவிடலாம். எம்10 போல்ட், அதாவது 10 மில்லிமீட்டர் விட்டம், தலையில் 8.8 என்று எழுதியிருக்கிறது. முதல் 8 என்றால் அறுந்து போகிற வலிமை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். அடுத்த 8 என்றால் அதில் 80 சதவீதத்தில், அதாவது 640-ல், போல்ட் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும். மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர் உள்ள சாதாரண எம்10 போல்ட்டில் இழுப்பைத் தாங்குகிற பரப்பு 58 சதுர மில்லிமீட்டர். ஆக சுமார் 37 கிலோ நியூட்டனில் அது இழுபட்டுவிடும். பாதுகாப்பாக 25 கிலோ நியூட்டன், நம் கணக்கில் இரண்டரை டன், இழுப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உராய்வையெல்லாம் சேர்த்துக் கணக்கில் போடும் கெழு (நட் ஃபேக்டர்) எதுவும் தடவாத போல்ட்டுக்குத் தோராயமாக 0.2. இதை விட்டத்தாலும் இழுப்பாலும் பெருக்கினால் 50 நியூட்டன் மீட்டர் வரும்.

அதே போல்ட்டில், மரை பற்றிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் ஆன்டி சீஸ் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவுங்கள். கெழு 0.13 அளவுக்கு இறங்கிவிடும். இப்போதும் அதே 50-ல் முடுக்கினால் இழுப்பு 25 அல்ல, 38 கிலோ நியூட்டன். போல்ட் நீண்டு போய்விட்டது. ரெஞ்ச் சரியான அளவில்தான் சத்தம் கொடுத்தது, முடுக்கியவரும் புத்தகத்தில் இருந்த எண்ணைத்தான் வைத்தார். ஆனாலும் அந்தப் போல்ட் கெட்டுவிட்டது. அலுமினியக் கூட்டில் போட்ட போல்ட்டாக இருந்தால், போல்ட் பிழைத்து, கூட்டின் மரை உருவிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் கெட்ட மரைக்குப் பதிலாக வைக்கும் கம்பிச் சுருளான ஹெலிகாயில் வாங்க ஓட வேண்டும்.

அதனால் புத்தகத்தில் ஓர் எண்ணைப் பார்த்தால், அது எந்த நிலையில் இருக்கும் போல்ட்டுக்கு எழுதிய எண் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. உலர்ந்ததா, எண்ணெய் தடவியதா, பசை போட்டதா? நல்ல சர்வீஸ் மேனுவல்கள் இதைப் படத்திலேயே காட்டிவிடும். டொயோட்டா மேனுவல்களில் பெயர் பக்கத்தில் கறுப்பு வைர அடையாளம் இருந்தால் அந்தப் பாகத்தைத் திரும்பப் போடக்கூடாது. நட்சத்திரம் இருந்தால் அது கம்பெனியிலேயே மரையில் பசை பூசி வந்தது. இன்னோவா ஓட்டுகிற ஊரில் இந்த இரண்டு அடையாளமும் எல்லா மெக்கானிக்குக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். எண்ணெய் தடவச் சொல்லி, ஓர் எண் வரை முடுக்கி, அப்புறம் இத்தனை டிகிரி திருப்பு என்று போட்டிருந்தால் அது வேறு கதை. கோணத்தை அளந்து முடுக்கும்போது உராய்வின் சேட்டை வெகுவாகக் குறைந்துவிடும். அந்த மாதிரிப் போல்ட்டுகளில் பல, நீளும் எல்லைக்கே கொண்டுபோய் நிறுத்தப்படுபவை. கழற்றினால் புதிதுதான் போட வேண்டும்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். சென்னைக்கு என்று இன்னொரு பாதி இருக்கிறது: கழற்றும் நாள்.

கொட்டிவாக்கத்தில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, திறந்தவெளியில் நிற்கிற கார் ஒன்று. க்ளட்ச் தேய்ந்து போனதால் கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருந்தது. மேல் போல்ட்டுகள் எஞ்சின் சூட்டில் காய்ந்து சுலபமாக வந்துவிட்டன. கீழே, முன்சக்கரம் வாரி இறைக்கிற தண்ணீர் வந்து விழும் பக்கத்தில் இருந்த போல்ட் மட்டும் அசையவில்லை. கூட இருந்த பையன் எல் ராடில் பைப் போட்டு நெம்பினான். போல்ட் 'கிர்ர்' என்று கால் சுற்று திரும்பியது. அவன் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பெரிய மெக்கானிக் அண்ணன் உடனே அவன் கையைப் பிடித்தார்.

"தம்பி, நிறுத்து. அது கழலல, முறுகுது."

அவர் சொன்னது சரி. தலை திரும்பியிருக்கிறது, மரை அப்படியே நிற்கிறது, நடுவில் தண்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் அரைக்கால் சுற்று போயிருந்தால் தலை கையோடு வந்திருக்கும்.

அவர் போல்ட்டைத் தொடவில்லை. அதைச் சுற்றியுள்ள கூட்டை டார்ச்சால் மெதுவாகச் சூடாக்கினார். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். துளை சற்று அகன்று பிடி விடும். கொஞ்சம் ஆற விட்டு, துரு இளக்கும் எண்ணெயை விட்டுக் காத்திருந்தார். அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த காரியம், கழற்றுகிற பக்கம் திருப்பாமல் முதலில் முடுக்குகிற பக்கம் துளி தள்ளினார். பிறகு கழற்றும் பக்கம் துளி. முன்னும் பின்னுமாகப் பொறுமையாக ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் போல்ட் வெளியே வந்தபோது, மரைப் பள்ளம் முழுவதும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி அடைத்திருந்தது. விரலில் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. சிவப்புத் துரு மிகக் குறைவு. அந்த வெள்ளைப் பொடி கூட்டின் அலுமினியம். இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருக்க, நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் ஒரு மின்கலம் உருவாகிவிடும். அதில் கரைந்து போவது அலுமினியம்தான். கரைந்தது பொடியாகிப் பெரிய இடத்தை அடைத்துக்கொள்வதால் போல்ட்டை ஆப்பு அடித்தாற்போல் இறுக்கிவிடுகிறது.

இப்போது திரும்ப ஏற்ற வேண்டும். மரையில் என்ன தடவுவது? பையன் காப்பர் கிரீஸ் என்றான். பலரும் அதைத்தான் சொல்வார்கள். என் கருத்து வேறு. செம்பு, அலுமினியத்தோடு இரும்பைவிட மோசமாகச் சண்டை போடும் உலோகம். உப்புக் காற்று அடிக்கிற ஊரில் அலுமினியத் துளைக்குள் நான் செம்புப் பேஸ்ட் வைப்பதில்லை. ஆன்டி சீஸ்தான் வேண்டும் என்றால் அலுமினியம் கலந்ததோ, உலோகமே இல்லாத செராமிக் வகையோ போதும். அதையும் மெல்லிய படலமாகத் தடவி, முடுக்கும் அளவைக் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்க வேண்டும்.

ஆனால் இந்த மாதிரி இடத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது நடுத்தர வலிமையுள்ள நீலப் பசை. கழலாமல் இருப்பது அதற்கு இரண்டாவது காரணம்தான். போல்ட் மரையும் துளை மரையும் முழுதாக ஒட்டி உட்கார்வதில்லை. ஒரு பக்கச் சரிவு மட்டும் தொடும், மறுபக்கம் இடைவெளி. தண்ணீர் ஏறுவது அந்த இடைவெளி வழியாகத்தான். பசை அதை நிரப்பிக் கெட்டியாகிவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே போக வழியே இல்லை. கழற்றும்போது சாதாரண ஸ்பேனரே போதும். பெசன்ட் நகரிலிருந்து இ.சி.ஆர். நெடுக நிற்கிற கார்களுக்கும், வேளச்சேரி பக்கம் மழைக்காலத்தில் ஆக்சில் வரை நனைகிற கார்களுக்கும் இது மிகவும் பொருந்தும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்ற கார்களின் அடிப்பாகத்தைக் கழற்றியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இந்தப் பசையின் கதையும் சுவையானது. காற்று பட்டுக்கொண்டே இருந்தால் திரவமாக இருக்கும், காற்று கிடைக்காவிட்டால் கெட்டியாகிவிடும் ஒரு பொருளை அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் முன்பே கண்டுபிடித்திருந்தது. ஆனால் அதில் ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாத்திரத்திலேயே கெட்டியாகிவிடும். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னான் க்ரீபிள்தான் 1953-ல் அதை பாட்டிலில் அடைத்து வைக்கும்படி மாற்றினார். லாக்டைட் என்ற பெயரை வைத்தது அவருடைய மருமகள். 1997-லிருந்து அது ஜெர்மனியின் ஹென்கல் கையில் இருக்கிறது. நம் ஊரிலும் அனபாண்ட் கம்பெனி இதே வகைப் பசைகளைச் செய்கிறது. அவர்களுடைய 666 என்ற சிலிக்கான் பசையை வைத்திராத ஷெட்டே நம் பக்கம் கிடையாது.

கெட்டியாக இரண்டு விஷயம் வேண்டும்: காற்று இருக்கக்கூடாது, உலோகம் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். கறுப்பு இரும்புப் போல்ட்டில் சீக்கிரம் பிடிக்கும். ஸ்டெயின்லெஸ், துத்தநாகப் பூச்சு ஆகியவற்றில் மந்தம். அதற்கென்று ஆக்டிவேட்டர் தனியாக விற்கிறது. நம் ஊர் வெயிலில் வேகமாகவே பிடிக்கும் என்றாலும், முழு வலிமைக்கு ஒரு நாள் விட்டுவிடுவது நல்லது.

நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நீலம் நடுத்தரம், சிவப்பு பலம் என்பது லாக்டைட் வழக்கம், மற்றவர்களும் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். ஆனால் இது சட்டம் அல்ல. எண்ணைப் பாருங்கள். லாக்டைட்டில் 222 ஊதா நிறம், சிறிய திருகுகளுக்கு. 243 நீலம், லேசான எண்ணெய்ப் பசை இருந்தாலும் பிடிக்கும், 180 டிகிரி வரை தாங்கும். 271 சிவப்பு, சுலபத்தில் விடாது. 290 பச்சை, தண்ணீர் மாதிரி இருப்பதால் ஏற்கெனவே முடுக்கிய போல்ட்டின் ஓரத்தில் விட்டால் தானே உள்ளே இறங்கிவிடும். கழற்றாமலே போல்ட்டைப் பூட்ட வேண்டிய இடத்தில் அருமையான பொருள்.

எந்த இடத்தில் எது? கியர்பாக்ஸ், ஆக்சில் வேலையில் நான் எனக்குள் கேட்டுக்கொள்வது: இந்தத் துளை எங்கே போய் முடிகிறது? இதை அடுத்து எப்போது கழற்றுவார்கள்? கழன்றால் என்ன ஆகும்?

க்ளட்ச் உட்காரும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல எஞ்சின்களில் கிராங்க் முனையில் உள்ள அந்தத் துளைகள் ஊடுருவி எஞ்சினுக்குள் திறந்திருக்கும். போல்ட் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் மரை வழியாக ஆயில் ஊர்ந்து வந்து க்ளட்ச் பிளேட்டை நனைத்துவிடும். பின் ஆயில் சீல் போய்விட்டது என்று நினைத்துச் சீலை மாற்றுவார்கள், ஒழுகல் நிற்காது. இந்த இடத்தில் மரையில் போடுவது பூட்டவும் வேண்டும், அடைக்கவும் வேண்டும். கம்பெனியில் பசை பூசி வந்த புதுப் போல்ட் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. அந்தப் பூச்சில் நுண்ணிய உறைகளுக்குள் பசை இருக்கும். முதல் முறை முடுக்கும்போது உறை உடைந்து வேலை செய்யும். ஒருமுறைதான். அதே போல்ட்டைத் திரும்பப் போட்டால் இருப்பது வெறும் குப்பை.

சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில், அதன் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் போல்ட்டுகள் இன்னொரு எல்லை. அவை சதா எண்ணெயில் குளிக்கின்றன. முடுக்கும் பக்கமும் கழலும் பக்கமுமாகப் பலம் மாறி மாறி வருகிறது. ஒன்று கழன்று தலை வெளியே வந்தால் கூட்டையே உடைத்துக்கொண்டு போகும். பத்து வருடத்துக்கு யாரும் கழற்றப் போவதில்லை. இங்கே சிவப்பு போடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் போடுகிற முன் சுத்தம்தான் முக்கால் வேலை. பழைய பசைத் துணுக்கு ஒன்று தலைக்கு அடியில் மாட்டினாலும் அளவு தப்பிவிடும். கம்பி பிரஷ், பிரேக் க்ளீனர், பிறகு ஏர் பிடித்துத் துளையை உலர்த்த வேண்டும். பெட்ரோலோ டீசலோ வேண்டாம். காய்ந்த பிறகும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். மரையைச் சுத்தம் செய்ய, மரை வெட்டும் கருவியான டேப் செட்டை உடனே எடுத்துவிடாதீர்கள். டேப் உலோகத்தை வெட்டும், மரை மெலிந்துவிடும். அதே அளவில் ஒரு பழைய நல்ல போல்ட்டை எடுத்து, நீளவாக்கில் ஹாக்ஸா பிளேடால் மூன்று கோடு அறுத்து, பிசிறைத் தேய்த்துவிட்டுக் கையால் ஏற்றி இறக்கினால் போதும். அழுக்கு கோட்டுக்குள் சேர்ந்து வந்துவிடும்.

துளை அடி மூடியதா, ஊடுருவியதா என்பதையும் பார்க்க வேண்டும். அடி மூடிய துளையில் போல்ட் மேல் பசையைத் தடவினால், உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும்போது பசையை எல்லாம் மேலே தள்ளிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் சில துளிகளைத் துளையின் மரைக்குள் விட வேண்டும், சில துளிகள்தான். நிறைய ஊற்றினாலோ, கழுவிய எண்ணெய் அடியில் தேங்கியிருந்தாலோ, போல்ட் இறங்கும்போது திரவம் போக இடமில்லாமல் கூட்டையே விரிசல் விடச் செய்யும். அதோடு, ஈரமாக இருக்கும்போது பசையும் கொஞ்சம் வழவழப்புதான். அதனால் தலைக்கு அடியில் வழிய விடாமல் மரையில் மட்டும் போடுங்கள். முடுக்கி முடித்துப் பசை பிடித்த பிறகு 'எதற்கும் ஒரு தடவை செக் பண்ணிடலாம்' என்று ரெஞ்ச்சைத் திரும்ப வைக்கவே கூடாது. அசைந்தால் பிடித்த படலம் உடைந்துவிடும். முடித்ததற்கு அடையாளம் வேண்டுமென்றால் பெயின்ட் பேனாவால் தலை மீதும் கூட்டின் மீதும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளுக்கு, பொலேரோ மாதிரி பின்சக்கரம் தள்ளும் வண்டிகளில், நீலம் போதும். ஷாஃப்ட்டின் சிலுவை மூட்டான க்ராஸ் மாற்ற எப்படியும் அடிக்கடி கழற்ற வேண்டி வரும். பிரஷர் பிளேட்டின் சிறிய போல்ட்டுகளுக்கு மேனுவல் சொன்னால் மட்டும்.

இந்த இடத்தில் ஸ்பிரிங் வாஷர் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1969-ல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் ஓர் ஆய்வு வெளியிட்டார். போல்ட் கழல்வதற்கு முக்கியக் காரணம், அது பிடித்திருக்கும் பாகங்கள் பக்கவாட்டில் நுண்ணிதாக வழுக்குவதுதான் என்று அவர் சோதனை செய்து காட்டினார். வழுக்கும் அந்தக் கணத்தில் மரையில் உராய்வே இல்லாதது போல் ஆகி, போல்ட் தன் இழுப்பாலேயே திரும்பிவிடும். அவர் வடிவமைத்த முறையில் சோதித்தால் பிளந்த ஸ்பிரிங் வாஷர் எந்த உதவியும் செய்வதில்லை. நாசா 1990-ல் வெளியிட்ட ஃபாஸ்னர் கையேடும் அதையே சொல்கிறது: போல்ட்டை முழுதாக முடுக்கியதும் அது தட்டையாகிச் சாதாரண வாஷராகிவிடுகிறது. ஆகவே நல்ல இழுப்பு இருப்பதே முதல் பூட்டு. பாகங்கள் வழுக்காத அளவுக்கு அழுத்தம் இருந்தால் கழல்வதற்குக் காரணமே இல்லை. ஷெட்டுகளில் 'பழக்கமாயிடுச்சு' என்று போடும் அந்த வாஷரை, கம்பெனி போட்டிராத இடத்தில் சேர்க்காதீர்கள்.

எதுவுமே தடவக்கூடாத இடங்களும் உண்டு. வீல் நட்டு அவற்றில் முதல். சிறிய கார்களில் அதை முடுக்கும் அளவு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும், உலர்ந்த மரைக்கு எழுதியது. சாலையோர டயர் கடைகளில், நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட்டில் கிரீஸ் பூசி ஏர் கன்னால் அடித்துவிடுகிறார்கள். மேலே போட்ட எம்10 கணக்கு இங்கேயும் அப்படியே நடக்கும், ஸ்டட் நீண்டுவிடும். துரு பிடித்திருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் துடைத்தால் போதும். சக்கரம் ஹப்பில் ஒட்டிக்கொள்கிறது என்றால் ஹப்பின் நடுவட்டத்தில் மட்டும் ஒரு மெல்லிய படலம் கிரீஸ் வைக்கலாம், நட்டு உட்காரும் கூம்பில் அல்ல. அதே மாதிரி ஆக்சில் கழற்ற லோயர் ஆர்மைப் பிரிக்கும்போது, பால் ஜாயின்ட்டின் கூம்பு முனை எண்ணெய் இல்லாமல் உலர்ந்து உட்கார வேண்டும். ஆக்சில் நடுநட்டில் விளிம்பைத் தட்டிப் பள்ளத்தில் மடக்கியிருந்தால், அந்த மடிப்புதான் பூட்டு. புது நட்டு வாங்க வேண்டும், பழையதில் சிவப்புப் பசை போட்டுச் சமாளிக்கக்கூடாது.

கியர்பாக்ஸ் ட்ரெய்ன் பிளக்கில் தெஃப்ளான் டேப் சுற்றுவதும் வேண்டாம். நூல் நூலாகப் பிரிந்து எண்ணெயோடு சுற்றும். செம்பு வாஷர் வைத்த பிளக் என்றால் புது வாஷர் மட்டும் மாற்றுங்கள். வாஷர் இல்லாத கூம்பு மரைப் பிளக் என்றால் மரை அடைக்கும் சீலன்ட். ஸ்பீடு சென்சார், ரிவர்ஸ் சுவிட்ச் போன்ற பிளாஸ்டிக் உடம்புள்ள பாகங்கள் பக்கம் லாக்டைட் வகைப் பசைகளைக் கொண்டு போகவே வேண்டாம். சில பிளாஸ்டிக்குகள் அதில் வெடிப்பு விட்டுவிடும்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்று செய்கிறார்கள். துரு தொல்லையே வேண்டாம் என்று பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்குப் போய் ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கி வந்து கம்பெனி போல்ட்டுக்குப் பதிலாகப் போடுகிறார்கள். நம்பர் பிளேட்டுக்குப் போடுங்கள், மட்கார்டுக்குப் போடுங்கள். கியர்பாக்ஸுக்கும் சஸ்பென்ஷனுக்கும் தயவுசெய்து வேண்டாம். தலையில் ஏ2-70 என்று எழுதிய போல்ட் 450-லேயே நீள ஆரம்பிக்கும், 8.8-க்கு 640 என்று மேலே பார்த்தோம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டைப் போட்டு வேகமாக முடுக்கினால் மரையோடு மரை பற்றிக்கொண்டு அங்கேயே உறைந்துவிடும். அலுமினியக் கூட்டோடு சேர்ந்தால், முன்பு பார்த்த அந்த வெள்ளைப் பொடி இன்னும் அதிகமாகத்தான் வரும். நல்ல 8.8 அல்லது 10.9 போல்ட், அதன் மேல் கம்பெனி போட்ட சாம்பல் நிறத் துத்தநாகப் பூச்சு, மரையில் நீலம். இதைவிட மேலானதை நம் ஊர்க் காற்றுக்கு நான் பார்த்ததில்லை.

சிவப்பு போட்ட போல்ட் கழல மறுத்தால் பைப் போட்டு நெம்பாதீர்கள். போல்ட் தலையை 250 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, சூடாக இருக்கும்போதே திருப்ப வேண்டும். ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆயில் சீல், ஆக்சில் ரப்பர் பூட் பக்கத்தில் இருந்தால் ஈரத் துணியால் மூடிவிட்டு டார்ச்சைக் காட்டுங்கள். பிரேக் க்ளீனர் அடித்த இடத்தில் அது முழுதாக ஆவியாகும் வரை நெருப்பைக் கொண்டு போகக்கூடாது. அந்தப் புகையை முகர வேண்டாம்.

பசை வாங்கும்போது 10 மில்லி பாட்டிலே வாங்குங்கள், வீட்டு வேலைக்கு அது நீண்ட நாள் வரும். ஜி.பி. ரோட்டிலும் பாரிமுனையிலும் கிடைக்கும். பாட்டில் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்; மேலே இருக்கிற காற்றுதான் அதைத் திரவமாக வைத்திருக்கிறது. காலாவதித் தேதி மட்டும் பாருங்கள். ஊற்றும்போது பாட்டில் நுனி போல்ட்டைத் தொடக்கூடாது, போல்ட்டிலிருந்து வழிந்ததைத் திரும்ப பாட்டிலுக்குள் விடவும் கூடாது. உலோகத் துகள் ஒன்று உள்ளே போனாலும் பாட்டில் முழுவதும் கெட்டியாகிவிடும். தேவையான அளவை ஒரு சிறிய பிளாஸ்டிக் மூடியில் ஊற்றி, அதிலிருந்து குச்சியால் தொட்டு வையுங்கள்.